அனாப்போவின் அடிநீர்

சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் அனாப்போ என்றோர் ஆறு ஓடுகிறது. பிறக்கும் மலையிலிருந்து கலக்கும் கடல்வரை அதன் நீளம் சுமார் 40 கிலோமீட்டர். உலக வரைபடத்தில் தேடினால் அகப்படாது. இத்தாலிய வரைபடத்திலும் ஒரு மயிரிழைதான். ஆனால் அதன் கழிமுகத்துச் சதுப்பில்தான் ஏதென்ஸின் பெரும்படை நோயில் விழுந்து நிலைகுலைந்தது. கார்த்தேஜின் படைகள் இரண்டு முறை அதே இடத்தில் மாண்டன. ஐரோப்பாவில் பாப்பிரஸ் புதர்க்காடாக வளர்கிற மிக அரிய இடம் அதன் துணையாற்றங்கரை. ஐரோப்பியக் கண்டத்தில் இன்றுவரை பதிவான உச்ச வெப்பமான 48.8 டிகிரி செல்சியஸ், 2021 ஆகஸ்ட் 11 அன்று அளக்கப்பட்டதும் இந்த ஆற்றின் தாழ்நிலத்துக்குப் பக்கத்தில்தான்.

இவ்வளவும் ஒரு சிற்றாற்றைச் சுற்றி நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர், பஞ்சம், பயிர், பறவை எதை எடுத்தாலும் விசாரித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. அது சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கியிருக்கும் நீர். அனாப்போ நிலத்தின் மேல் ஓடுகிறது; அதன் உயிர் நிலத்துக்குள் இருக்கிறது. நாம் ஆறு என்று பார்ப்பது, பாறை குடித்து மிச்சம் விட்டதைத்தான்.

*

இப்ளேய் என்பது சிசிலியின் தென்கிழக்கில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். அதன் உச்சி மோந்தே லவ்ரோ, 986 மீட்டர். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை உச்சியில் இருக்கிறது. அதைச் சுற்றி இறங்கும் சரிவெல்லாம் வெளிர்மஞ்சள் நிறச் சுண்ணாம்புப் பாறை. பத்து லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, பிறகு மேலெழுந்த பாறை அது. உடைத்துப் பார்த்தால் சிப்பிகளின் அச்சு தெரியும். மழைநீரில் மெல்லக் கரையக்கூடியது என்பதால் அதன் உடம்பெங்கும் விரிசல், பொந்து, குகை.

மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் வரும். கோடையின் நான்கைந்து மாதங்களில் வானம் ஏறக்குறைய வறண்டே கிடக்கும். வெயிலால் அதிகம் தேவைப்படும் காலத்தில் நீர் கிடையாது. நீர் கொட்டும் காலத்தில் பயிருக்கு வேகமில்லை. மற்ற பல சிசிலிய ஆறுகள் ஜூலை, ஆகஸ்டில் வெறும் கூழாங்கல் படுகையாகிவிடுவது இதனால்தான். இப்ளேய் மேட்டின் ஆறுகள் கோடையிலும் நடக்கின்றன. டிசம்பரில் பெய்ததை விரிசல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அது பாறைக்குள் மெல்ல நகர்ந்து, களிமண் அடுக்கோ கெட்டிப் பாறையோ மறிக்குமிடத்தில் ஊற்றாக வெளிவருகிறது. மழைக்கும் ஊற்றுக்கும் நடுவே மாதங்கள் கழிகின்றன. அந்தத் தாமதம்தான் இந்த ஆற்றின் செல்வம்.

பாறையை அரித்து அரித்து அனாப்போ தனக்கென ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றை வெட்டிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் இத்தகைய பள்ளத்தாக்குகளை ‘கவா’ என்கிறார்கள். மேலே விளிம்பில் நின்றால் தைமும் முட்செடியும் மண்டிய வறண்ட கல்நிலம். கீழே இறங்க இறங்கக் காற்றின் வெம்மை குறைந்து, அடியில் நிழலும் ஈரமுமாக வேறொரு நாடு. விளிம்பின் தைம் பூக்களிலிருந்து வரும் தேன் ரோமானியர் காலத்திலேயே புகழ்பெற்றது. வர்ஜில் தன் கவிதையில் இப்ளாத் தேனீக்களைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறார். பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் சொர்தினோ ஊர்க்காரர்கள் பெருஞ்சோம்புத் தண்டுகளை வெட்டி உலர்த்தி, பெட்டிபோல் அடுக்கிக் கோத்துத் தேன்கூடு செய்துவந்தார்கள். அந்தத் தண்டு தக்கைபோல் லேசானது. கோடையில் உள்ளே சூடேறாது, குளிரில் உள்ளிருக்கும் சூடு வெளியேறாது. கையில் ஆணியோ பலகையோ இல்லாத குடியானவனுக்குக் கரட்டில் தானாக முளைத்ததே போதுமானதாக இருந்தது.

பள்ளத்தாக்கின் அடியில் கீழைப் பிளேன் மரங்கள் நிற்கின்றன. காஷ்மீரத்தில் சினார் என்று கொண்டாடப்படும் அதே மரம். இங்கே யாரும் நட்டதல்ல. ஆற்றோரத்தில் தானாக நிற்கும் இயற்கைத் தோப்பு. அந்தத் தோப்புக்குள் 1990-களில் ஒரு பூஞ்சை நோய் நுழைந்தது. மரப்பட்டையில் காயம் பட்ட இடத்தின் வழியே ஏறி, நீர் போகும் நாளங்களை அடைத்துவிடும். பெரிய மரமும் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் துருப்புகளின் வெடிமருந்துப் பெட்டிகளுக்கான மரப்பலகையில் தொற்றிக்கொண்டு இத்தாலிக்கு வந்தது என்று நோயியலாளர் கருதுகிறார்கள். போர் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதன் ஒரு சிறு துணுக்கு அனாப்போவின் மரங்களை வந்தடைந்திருக்கிறது.

நீருக்குள் ஒரு டிரவுட் மீன் வாழ்கிறது. சிசிலியில் சில காலம் வாழ்ந்த இயற்கையியலாளர் ரஃபினெஸ்க் 1810-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பக்கவாட்டில் கரும்புள்ளிகள், செவுளருகே ஒரு பெரிய கறை. டிரவுட் என்றாலே குளிர்நீர் மீன். வெயில் காயும் இந்தத் தீவுக்கு அது எப்படி வந்தது? பனியுகத்தில் கடலே குளிர்ந்திருந்த காலத்தில் கடல்வழியாக ஆறுகளுக்குள் ஏறியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. பிறகு கடல் சூடானது. திரும்பிப் போக வழியில்லாமல் ஊற்றுநீரின் குளிர்ச்சியை நம்பி அங்கேயே தங்கிவிட்டது. பாறைக்குள் மாதக்கணக்கில் கிடந்த நீர் கோடையிலும் குளிர்ந்தே வெளிவரும். அந்த ஒன்றிரண்டு டிகிரிதான் மீனுக்கும் அழிவுக்கும் இடையில் நிற்கிறது. தூண்டில்காரர்களுக்காக ஆறுகளில் விடப்பட்ட வடக்கத்திய டிரவுட் அதனோடு கலந்து இனத்தை நீர்த்துப்போகச் செய்வது இன்னோர் ஆபத்து. கல்லுக்கடியில் நன்னீர் நண்டும், கரையோரக் குட்டைகளில் வண்ணத் தவளையும், இரவில் வௌவால்களும் முள்ளம்பன்றியும் இந்தப் பள்ளத்தாக்கின் குடிகள்.

இந்த மேட்டுநிலம் எவ்வளவு பழைய உயிர்களை ஒளித்துவைத்திருக்கிறது என்பதற்கு ஒரு மரத்தைச் சொல்லலாம். 1991-இல் மேட்டின் வடசரிவில், புக்கேரி ஊருக்குப் பக்கத்துக் காட்டில், அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு செல்கோவா இனத்தைத் தாவரவியலாளர்கள் கண்டார்கள். இடுப்பளவிலிருந்து இரண்டாள் உயரம்வரை வளரும் சிறுமரம். காய்க்கும், காய் முளைக்காது. வேரிலிருந்து பக்கக்கன்று விட்டே தன்னைத் தக்கவைத்துக்கொள்கிறது. ஐரோப்பா ஈரமும் வெம்மையுமாக இருந்த யுகத்தில் பரவிக் கிடந்த ஒரு குடும்பத்தின் மிச்சம். ஓடைப் பள்ளங்களின் ஈரத்தில் சில நூறு செடிகளாக ஒண்டிக்கொண்டு நிற்கிறது. நீரோட்டம் ஒரு சில கோடைகள் தொடர்ந்து தவறினால் அதற்குப் போக்கிடம் இல்லை.

*

ஆற்றின் நடுப்பகுதியில், அனாப்போவும் அதன் துணையாறு கல்சினாராவும் இருபுறமும் வெட்டிவிட்ட ஒரு மேட்டில் பந்தாலிகா இருக்கிறது. செங்குத்தான பாறைச் சுவர்களில் சதுரச் சதுரமாகக் குடைந்த வாசல்கள், ஐயாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் ஒரு கல்லறை. கி.மு. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து 7-ஆம் நூற்றாண்டுவரை இங்கே வாழ்ந்த மக்கள் தங்கள் முன்னோரைப் பாறைக்குள் வைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் பவுலோ ஓர்சி இங்கே அகழாய்ந்து, வெண்கலக் கத்திகளையும் கொக்கிகளையும் செந்நிற மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்தார். 2005-இல் சிராகூசா நகரோடு சேர்த்து இதை யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது.

கடலோரச் சமவெளியை விட்டு இந்தச் செங்குத்து மேட்டுக்கு ஏன் ஏறினார்கள் என்ற கேள்விக்குப் பாதுகாப்பு என்பது வழக்கமான பதில். அது சரிதான். ஆனால் உயரமான இடம் இப்ளேயில் எத்தனையோ இருக்கிறது. இருபுறமும் வற்றாத நீர் சுற்றிக்கொண்டு போகும் உயரம் அரிது. கடலிலிருந்து ஆபத்து வரும் காலத்தில் மக்கள் இங்கே ஏறினார்கள், ஆபத்து நீங்கியதும் இறங்கினார்கள். கிறிஸ்தவம் வந்த பிறகு, பைசாந்தியக் காலத்தில் மறுபடி ஏறி, பழைய கல்லறைகளை அகலப்படுத்தி வீடாக்கிக்கொண்டார்கள். பாறைக்குள் சிறு கோயில்களும் குடைந்தார்கள். இறந்தவர் அறையில் உயிரோடிருப்பவர் அடுப்பு மூட்டினார்கள். ஆறு இரண்டு தரப்புக்கும் பொதுவாகக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

கி.மு. 734 வாக்கில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர் கடலோரத்தில் சிராகூசாவை நிறுவினார்கள். நகரம் வளர்ந்தது, தாகமும் வளர்ந்தது. கி.மு. 480-இல் ஹிமேராப் போரில் கார்த்தேஜை வென்ற சிராகூசாவின் ஆட்சியாளன் கெலோன், அந்தப் போரில் பிடிபட்டவர்களைக் கொண்டே கலெர்மி கால்வாயை வெட்டினான் என்பது மரபுச்செய்தி. பந்தாலிகாவுக்கு அருகில் ஆற்றுநீரை எடுத்து, பாறைக்குள் சுரங்கமாக ஓட்டி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தாண்டி நகரத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாய்க்கால். சிராகூசாவின் கிரேக்க நாடக அரங்குக்கு மேலே ஒரு குகையில் நீர் விழுந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறவர்கள் பலருக்கு அது மலையிலிருந்து வரும் ஆற்றுநீர் என்று தெரிந்திருக்காது. ஒரு விரலளவு சரிவு பிசகினாலும் நீர் நின்றுபோகும் வேலை அது. இருட்டில், உளி ஓசைக்கு நடுவில், இன்னார் என்று எங்கும் எழுதிவைக்கப்படாத கைகள் அந்தச் சரிவைத் தவறாமல் காத்திருக்கின்றன.

*

கடலை நெருங்கும்போது அனாப்போவோடு சியானே வந்து சேர்கிறது. சியானே ஒரு விசித்திரமான ஆறு. அதற்கு மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. சமவெளியில் நீலப் பளிங்குபோல் ஆழமான ஊற்றுக்குளம் ஒன்று. அங்கிருந்து முழு ஆறாகவே கிளம்பி, சில கிலோமீட்டர் நடந்து கடலோரம் போய்விடுகிறது. இப்ளேய் மேட்டில் உள்ளே இறங்கிய மழை இத்தனை தூரம் பாறைக்கடியில் வந்து இங்கே தலைநீட்டுகிறது.

அந்த ஊற்றுக்குக் கிரேக்கர் ஒரு கதை வைத்திருந்தார்கள். பாதாளத்தின் அரசன் பெர்செபோனியைத் தேரில் கவர்ந்துபோகிறான். சியானே என்ற நீர்த்தேவதை குறுக்கே நின்று தடுக்கிறாள். அவன் நிலத்தைப் பிளந்து இறங்கிவிட, அவள் அழுது அழுது தன் குளத்தின் நீராகவே கரைந்துபோகிறாள். கவிஞர் ஓவிட் இந்தக் கரைதலை உறுப்பு உறுப்பாகச் சொல்லியிருக்கிறார். சிராகூசா மக்கள் ஆண்டுதோறும் இந்தக் குளக்கரையில் விழா எடுத்ததையும், காளைகளை நீரில் ஆழ்த்திப் பலியிட்டதையும் வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிவைத்திருக்கிறார். அனாப்போவை ஆணாகவும் சியானேயைப் பெண்ணாகவும் அவர்கள் வழிபட்டார்கள். நிலம் பிளந்த இடத்தில் நீர் வந்தது என்ற அந்தக் கதைக்குள் இருக்கும் கவனிப்பை நான் மதிக்கிறேன். இந்த நீர் வானத்திலிருந்து நேரே வந்ததல்ல, பாதாளத்தோடு தொடர்புடையது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். கீழே இருப்பதற்கு ஒரு கடவுள் இருந்தான். அவனிடம் எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆண்டுக்கொருமுறை ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டு ஆறுகளும் சேர்ந்து சிராகூசாவின் பெருந்துறைமுகத்தில் விழும் தாழ்நிலம் பழங்காலத்தில் பெருஞ்சதுப்பு. அதன் ஓரத்து மேட்டில் ஒலிம்பிய சீயஸ் கோயில் இருந்தது. இன்று இரண்டு தூண்கள் நிற்கின்றன. சிராகூசாவைப் பிடிக்க வந்த ஒவ்வொரு படைக்கும் அந்த இடம் கண்ணைப் பறித்தது. தண்ணீர் உண்டு, கப்பல் நிறுத்தக் கடற்கரை உண்டு, நகரம் எதிரே தெரிகிறது.

கி.மு. 415-இன் குளிர்காலத் தொடக்கத்தில் ஏதென்ஸின் படை அங்கே இறங்கி, அனாப்போவின் பாலத்தை உடைத்து, இடியும் மழையுமாக இருந்த ஒரு நாளில் முதல் போரை வென்றது. அடுத்த ஆண்டு முற்றுகை. நகரத்துக்குள் குடிநீர் கொண்டுபோன நிலத்தடிக் குழாய்களை ஏதெனியர்கள் தேடி உடைத்தார்கள். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனால் அந்த ஒரு வரியை மறக்காமல் மேற்கொண்டு படிக்கவேண்டும். கி.மு. 413 கோடை முடிவில் படை நோயில் துவண்டது. பருவமும் சதுப்பு நிலமும் காரணம் என்று அவரே எழுதுகிறார். ஆகஸ்ட் 27 அன்று சந்திர கிரகணம். தளபதி நிகியாஸ் குறிகாரர் சொல்படி இருபத்தேழு நாள் நகரமாட்டேன் என்றார். துறைமுகத்துக் கடற்போரில் தோற்றபின் சுமார் நாற்பதாயிரம் பேர் கால்நடையாகப் பின்வாங்கினார்கள். அனாப்போவைக் கடக்கவே போராட வேண்டியிருந்தது. மலைவழி அடைபட்டது. தெற்கே திரும்பினார்கள். தாகத்தால் வெறிகொண்டு அசினாரோஸ் ஆற்றில் பாய்ந்தார்கள். மேலிருந்து அம்பும் ஈட்டியும் பொழிய, இரத்தமும் சேறும் கலந்த நீரைக் குடிக்க ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு செத்தார்கள். பிடிபட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிராகூசாவின் கற்சுரங்கங்களில் அடைக்கப்பட்டார்கள். ஒரு நகரத்தின் நீரை வெட்டிய படையின் கதை நீருக்கான தள்ளுமுள்ளில் முடிந்தது.

கி.மு. 396-இல் கார்த்தேஜின் ஹிமில்கோ அதே கோயிலருகே பாளையமிறங்கினான். கொள்ளைநோய் வந்தது. டியோடோரஸ் தெய்வகோபத்தைச் சொன்னாலும் அதோடு நிற்கவில்லை. கூட்டநெரிசலையும் அவ்வாண்டின் கடும் வெயிலையும் இடத்தின் சதுப்பையும் எண்ணிச் சொல்கிறார். முன்பு ஏதெனியர் மாண்டதும் இங்கேதான் என்று நினைவூட்டுகிறார். கி.மு. 212-இல் ரோமின் மார்செல்லஸ் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, நகரைக் காக்க வந்த கார்த்தேஜியப் படை மறுபடி அந்தத் தாழ்நிலத்தில் இறங்கியது. இலையுதிர்காலம், இயல்பாகவே உடம்புக்கு ஆகாத இடம் என்கிறார் லிவி. தளபதிகள் உட்படப் படை அடியோடு அழிந்தது. இம்முறை சதுப்பு நகரத்தின் எதிரியைக் கொல்லவில்லை, நண்பனைக் கொன்றது. நகரம் வீழ்ந்தது, ஆர்க்கிமிடீஸ் ஒரு சிப்பாயின் கையில் இறந்தார்.

மூன்று முறையும் ஒரே நோயா என்று கேட்டால், விவரிக்கப்பட்ட அறிகுறிகள் வேறுவேறு. ஏதெனியருடையது மலேரியாவாக இருந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. ஹிமில்கோ படையின் கொப்புளங்களும் பேதியும் வேறு எதையோ காட்டுகின்றன. நோய் எதுவானாலும் அந்தத் தாழ்நிலம் தன்மேல் யாரையும் நெடுநாள் குடியிருக்க விடவில்லை என்பது மட்டும் உறுதி. கரைபுரண்டு அடித்துப்போகும் பலம் அனாப்போவுக்கு இல்லை. தேங்கி நிற்பதே அதன் பலமாக இருந்தது.

*

அந்தப் பலம் ஊர்க்காரர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். சதுப்பைப் பற்றி நெகிழ்ந்து எழுதுவது அங்கே பிள்ளையைப் பறிகொடுக்காதவர்களுக்கு எளிது. காய்ச்சலுக்குப் பயந்து மக்கள் மேட்டு ஊர்களில் குடியிருந்து, விடியலில் இறங்கி வயல்வேலை பார்த்து, பொழுதுசாய ஏறிப்போவது தென்னித்தாலியின் தாழ்நிலங்களெங்கும் இருந்த வழக்கம். பக்கத்துக் கத்தானியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து மலேரியாவை ஆராயத் தொடங்கியவர் கிராஸ்ஸி. பிறகு ரோமுக்குப் போய், மனித மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலஸ் கொசு என்பதை 1898-இல் நிறுவினார். அதற்கு முந்தைய ஆண்டு செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். வடிகால், கொய்னா, போருக்குப் பின் டிடிடி என்று அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பிறகு, 1970-இல் இத்தாலி மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. சதுப்பை உறிஞ்சட்டும் என்று இத்தாலியின் தாழ்நிலங்களில் யூகலிப்டஸ் நட்டார்கள். சியானேக் கரையிலும் அந்த மரங்கள் இன்று நிற்கின்றன.

மக்களின் உயிர் காத்த வேலை அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கூடவே ஒரு பழக்கம் வேரூன்றியது. தாழ்நிலத்தில் தேங்கும் நீர் வீண், கடலுக்குப் போகும் நீர் வீண், பாறைக்குள் கிடக்கும் நீர் எடுக்கப்படாத சொத்து என்ற பழக்கம். கொசு போன பிறகும் அந்தக் கணக்கு போகவில்லை.

*

சியானேயின் பாப்பிரஸைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆறுகளைப் பற்றிச் சொல்லி முடிக்கமுடியாது. பாப்பிரஸும் நம் பத்தமடைப் பாய்க்கான கோரையும் தாவரவியலில் ஒரே பேரினம். கோரையைக் கையில் உருட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் தண்டு தெரிந்திருக்கும். பாப்பிரஸ் தண்டும் அதே முப்பட்டை வடிவம்தான். ஆனால் நான்கைந்து மீட்டர் உயரம், அடியில் மணிக்கட்டுப் பருமன், உச்சியில் பச்சை நூல்களை அவிழ்த்துவிட்டதுபோல் ஒரு கொண்டை. முசிறித் துறைமுகத்திலிருந்து சென்ற சரக்கைப் பற்றிய கடன் ஒப்பந்தம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதும் எகிப்தின் பாப்பிரஸில்தான்.

நைல் நதிச் செடி சிசிலிக்கு எப்படி வந்தது? எகிப்தின் தாலமி மன்னன் சிராகூசாவின் மன்னன் ஹியரோனுக்கு அனுப்பிய பரிசு என்பது ஒரு கருத்து. அரபியர் கொண்டுவந்தது என்பது இன்னொன்று. 10-ஆம் நூற்றாண்டில் பலேர்மோவுக்கு வந்த பயணி இப்ன் ஹவ்கல் அங்கே பாப்பிரஸ் வளர்வதைப் பார்த்திருக்கிறார். பெரும்பகுதி கப்பல் கயிறாகத் திரிக்கப்பட்டது, கொஞ்சம் சுல்தானுக்கான எழுதுதாளாயிற்று என்கிறார். பலேர்மோவின் அந்தச் சதுப்பை 1591-இல் வடித்துவிட்டார்கள், செடியும் போயிற்று. சியானேக் கரையில் அது தங்கியது. ஊற்றின் நீர்மட்டம் கோடையிலும் குளிரிலும் பெரிதாக மாறுவதில்லை. வெள்ளம் வந்து வேரைப் பிடுங்குவதும் இல்லை. நைலோரச் செடிக்குப் பிடித்த சமநிலையை இப்ளேய் பாறை இங்கே ஏற்படுத்திக் கொடுத்திருந்தது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிராகூசாவின் சவெரியோ லந்தொலினா, ரோமானிய எழுத்தாளர் பிளினியின் பழைய விவரணையை வைத்துக்கொண்டு, இந்தக் கரையின் தண்டுகளில் மறுபடி தாள் செய்துபார்த்தார். பச்சைத் தோலைச் சீவி எறிந்தால் உள்ளே நெட்டிபோல் வெள்ளைச் சோறு. அதை நீளவாட்டில் மெல்லிய நாடாக்களாக அரிந்து, ஊறவைத்து, ஒன்றையொன்று தொட்டாற்போல் அடுக்கி, அதன்மேல் குறுக்குவாட்டில் இன்னோர் அடுக்கு வைத்து அழுத்தவேண்டும். பசை கிடையாது. ஈரமும் அழுத்தமும் செடியின் சாறும் போதும். காய்ந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமான நார்வரிகள் தெரியும். லந்தொலினாவின் கைவழி சிராகூசாவில் தொடர்ந்துவந்து, இன்று நகரில் பாப்பிரஸுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்தச் செடிக்கு உப்பு ஆகாது. அதனால்தான் அது இந்த நிலத்தின் நேர்மையான சாட்சி. கடலோரப் பாறைக்குள் நன்னீரும் கடல்நீரும் அருகருகே இருக்கின்றன. மேட்டிலிருந்து இறங்கும் நன்னீரின் அழுத்தம்தான் கடலை வெளியே தள்ளி நிறுத்துகிறது. போருக்குப் பின் சிராகூசாவுக்கு வடக்கே அகுஸ்தா, பிரியோலோ கடற்கரை நெடுக எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதி ஆலைகளும் எழுந்தன. எலுமிச்சைத் தோட்டங்கள் பெருகின, நகரம் பெருகியது. எல்லோரும் பாறைக்குள் குழாய் இறக்கினார்கள். நன்னீர் அழுத்தம் தளர்ந்த இடத்தில் கடல் உள்ளே நடந்தது. சிராகூசாவின் பழைய நகரமான ஒர்த்தீஜியாத் தீவில் அரெத்தூசா என்ற புகழ்பெற்ற ஊற்று உண்டு. 1798-இல் நைல் போருக்குப் போகும் வழியில் நெல்சனின் கப்பல்கள் சிராகூசாவில்தான் தண்ணீர் நிரப்பிக்கொண்டன. அரெத்தூசாவின் நீர் இன்று உவர்க்கிறது. நிலநடுக்கங்களும் அதற்கு ஒரு காரணம். ஆனால் உப்பு ஏறிய ஊற்றோரத்தில் பாப்பிரஸ் என்ன ஆகும் என்பதை சியானேக் கரையும் பார்த்துவிட்டது. நுனி பழுத்து, கொண்டை சுருங்கி, கரையோர வேலி பல இடங்களில் மெலிந்தது.

*

1984-இல் சியானே ஆறும் கழிமுகத்து உப்பளங்களும் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. 1997-இல் பந்தாலிகாவும் அனாப்போப் பள்ளத்தாக்கும் காப்பகமாயின. பள்ளத்தாக்கின் அடியில் முன்பு குறுகிய தண்டவாள ரயில் ஒன்று ஓடியது. 1956-இல் அது நின்றுபோக, அதன் தடமும் குகைவழிகளும் இன்று நடைபாதை. உப்பெடுப்பு கைவிடப்பட்ட பாத்திகளில் நெட்டைக்கால் உள்ளான்கள் மேய்கின்றன. சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து நாணலைத் துழாவுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டிக் களைத்து வரும் பறவைகளுக்கு ஐரோப்பாவின் முதல் தரைகளில் இதுவும் ஒன்று. வடக்கே பிரியோலோவின் பழைய உப்பளத்தில், ஆலைப் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில், 2015-இல் பூநாரைகள் கூடு கட்டின. சிசிலியில் அவை இனப்பெருக்கம் செய்தது அதுவே முதல்முறை. கொஞ்சம் ஆழமில்லாத நீரும் கொஞ்சம் அமைதியும் விட்டுவைத்தால் உயிர்கள் திரும்பி வருகின்றன. இதை நம்பிக்கைக்கான காரணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் காப்பகத்தின் எல்லைக்கல் கரையோரத்தில் நடப்பட்டிருக்கிறது. நீரின் எல்லை மோந்தே லவ்ரோவில் தொடங்குகிறது. கரையில் ஒரு தண்டை ஒடித்தால் தண்டனை உண்டு. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு ஊற்றின் அழுத்தத்தை இறக்கினால் அது ஆற்றின்மேல் நடந்த குற்றமாகத் தெரிவதில்லை. 2021 ஆகஸ்டில் சிராகூசாவுக்கும் புளோரிடியா ஊருக்கும் இடைப்பட்ட ஒரு நிலையம் 48.8 டிகிரியைப் பதிவுசெய்தது; உலக வானிலை அமைப்பு அதை 2024-இல் உறுதிப்படுத்தியது. அதுவரை ஐரோப்பியச் சாதனையாக இருந்தது 1977-இல் ஏதென்ஸில் பதிவான 48.0. இனி வரும் கோடைகள் இந்த அளவைத் தொட்டுத் தொட்டுப் போகக்கூடும். வெயில் ஏற ஏற இன்னும் ஆழமாகக் குழாய் இறக்கத் தோன்றும். எந்தச் சேமிப்பு கோடையைத் தாங்கவைக்கிறதோ அந்தச் சேமிப்பையே கோடையைக் காரணம் காட்டிக் கரைப்போம்.

சிற்றாறுகளைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். பெருநதிக்கு நூறு துணையாறு உண்டு; ஒன்று கெட்டால் இன்னொன்று கொஞ்ச காலம் மறைத்துவிடும். அனாப்போவுக்கு ஒரே ஒரு மேட்டுநிலம், ஒரே ஒரு பாறைச் சேமிப்பு. மத்தியதரைக் கடலைச் சுற்றி இப்படி நூற்றுக்கணக்கான ஆறுகள் இருக்கின்றன. அவற்றைக் காக்கக் கரையில் வேலி போட்டால் போதாது. எவ்வளவு மழை உள்ளே இறங்குகிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்ற கணக்கை ஊர் அறியப் பொதுவில் வைக்கவேண்டும். எடுப்பது இறங்குவதைத் தாண்டும் ஆண்டில் ஆலையும் தோட்டமும் நகரமும் சேர்ந்து கையை இழுத்துக்கொள்ளவேண்டும். ஊற்றில் உப்பு ஏறுகிறதா என்று பார்ப்பதை நகராட்சி வரவுசெலவு பார்ப்பதுபோல் மாதாமாதம் செய்யவேண்டும். இவை ஒன்றும் பெரிய தியாகங்கள் அல்ல. நீர் வாட்டம் பிசகாமல் 30 கிலோமீட்டர் பாறையைக் குடைந்த தேசத்துக்கு இந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது முடியாத காரியமும் அல்ல.